தேடலைக் கப்பலிலிருந்து அல்ல, ஊரிலிருந்து தொடங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொஹீமியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதியான அந்த நிலத்தைப் பற்றித் தமிழில் இத்தனை விரிவாக எழுதியது பாராட்டுக்குரியது. ஆனால் 1870களில் சென்றவர்களின் பெயர்களை, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரிகள் தம் விருப்பப்படி மாற்றி எழுதிவிட்டனர் என்றும், அதனால் அவர்களுடைய வேரைக் கண்டறிய இயலாது என்றும் கட்டுரை கூறுவது தவறு. இதை நம்பித் தேடலைக் கைவிடும் குடும்பங்கள் உண்டு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பத்திரப் பதிவு அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். என் மருமகன் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய முன்னோர் பொஹீமியர். பேத்தி பிறந்த பிறகு அவளுடைய தந்தைவழியைத் தேடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்கு ஆண்டுகள் பழைய பதிவு ஏடுகளோடு இருந்ததில் கற்றதையே இங்கே சொல்கிறேன்.

எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது 1892 ஜனவரி 1ஆம் நாள். அதற்கு முன் நியூயார்க் வந்தவர்கள் 1855 முதல் 1890 வரை காசில் கார்டன் என்ற இடத்தில்தான் இறங்கினார்கள். ஆகவே 1870களில் சென்ற எவரும் எல்லிஸ் தீவைக் கண்டிருக்க முடியாது. பயணியர் பட்டியலும் அமெரிக்கக் கரையில் எழுதப்பட்டதன்று. ஜெர்மானியத் துறைமுகங்களான ஹாம்பர்க்கிலோ பிரேமனிலோ கப்பல் ஏறும்போதே கப்பல் நிறுவன எழுத்தர்கள் அதை எழுதினார்கள். அமெரிக்க அதிகாரிகள் கையில் வந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது உண்மைதான், ஆனால் மாற்றிக்கொண்டவர்கள் குடிபெயர்ந்தவர்களே. வாட்ஸ்லாவ் என்ற செக் பெயர் ஜெர்மானியர் வாயில் வென்ட்ஸெல் ஆயிற்று. அமெரிக்காவில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின் அவரே தம்மை ஜேம்ஸ் என்று சொல்லிக்கொண்டார். வொய்ட்யெக் என்பவர் அடால்பர்ட் ஆகி, பிறகு ஆல்பர்ட் ஆனார். மூன்றும் ஒருவரே என்பதை அறியாதவர், ஒருவரை மூவராக எண்ணித் தேடுவார். மனைவியின் பெயரும் அப்படித்தான். நோவாக் என்பவரின் மனைவி நோவாகோவா என்று எழுதப்படுவார். அதை வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிட்டவர்களை நான் அறிவேன்.

பெயர் மாற்றம் கடல் கடப்பதற்கு வெகுகாலம் முன்பே சொந்த ஊரில் நடந்ததும் உண்டு. குடும்பப் பெயர் சட்டத்தால் நிலைப்படுத்தப்பட்ட 1780களுக்கு முன், பொஹீமியாவின் பல சிற்றூர்களில் வீட்டுக்கே ஒரு பெயர் இருந்தது. ஒருவர் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் அந்த வீட்டின் பெயரே அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் வந்து சேரும்.

இதனால்தான் பெயரைப் பிடித்துக்கொண்டு போவதைவிட ஊரைப் பிடித்துக்கொண்டு போவது மேல் என்கிறேன். சிக்கல் என்னவென்றால், அக்கால அமெரிக்க வருகைப் பட்டியல்களில் ஊர்ப் பெயர் பெரும்பாலும் இருக்காது. அக்காலத்தில் பொஹீமியா ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்ததால், ஆஸ்திரியா என்றோ பொஹீமியா என்றோ மட்டும் இருக்கும். ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்டவர்களுக்கு நல்வாய்ப்பு உண்டு. அந்நகரத்தின் 1850 முதல் 1934 வரையிலான புறப்பாட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் எஞ்சியுள்ளன. அவற்றில் பயணி கடைசியாக வாழ்ந்த ஊரும் எழுதப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் சென்று, அங்கே வேறு கப்பல் ஏறியவர்களுக்குத் தனிப் பட்டியல் இருப்பதை மறந்துவிடக் கூடாது. பிரேமன் வழியாகச் சென்றவர்களின் நிலை வருத்தத்துக்குரியது. வைக்க இடமில்லை என்று பழைய பட்டியல்களை அந்நகரமே அழித்தது. மீதியிருந்ததில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போயிற்று.

அத்தகைய குடும்பங்கள் ஊர்ப் பெயரை அமெரிக்க மண்ணிலேயே தேட வேண்டும். செக் மொழியில் பொறித்த கல்லறைக் கற்களில் பிறந்த ஊர் இருப்பதுண்டு. என் மருமகன் குடும்பத்துக்கு அது கிடைத்தது ஒரு நாட்டுப்புறக் கல்லறையில்தான். பங்குக் கோயில் ஏடுகள் அடுத்தது. பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்க வட்டாரம். அயோவாவின் ஸ்பில்வில் என்னும் சிற்றூரில் 1860இல் எழுந்த புனித வென்சஸ்லாஸ் கோயில் போன்றவை இவர்களுடையவை. இசைமேதை டுவோர்ஷாக் 1893 கோடையில் அங்கே தங்கியிருந்தபோது அக்கோயிலில் ஆர்கன் வாசித்தார். ஆனால் எல்லா பொஹீமியரும் கோயிலுக்குப் போனவர்கள் அல்லர். திருச்சபையிலிருந்து விலகி நின்ற சுதந்திரச் சிந்தனையாளர்கள் அவர்களிடையே மிகுதி. சிகாகோவில் ஒரு பெண்ணுக்குக் கத்தோலிக்க அடக்கம் மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து, அவர்கள் 1877இல் தமக்கெனப் பொஹீமிய தேசியக் கல்லறையை நிறுவினார்கள். இத்தகையோரின் விவரங்கள் கல்லறை ஏடுகளிலும், செயின்ட் லூயிஸ் நகரில் 1854இல் தொடங்கிய செ.எஸ்.பி.எஸ். போன்ற உதவிச் சங்கங்களின் உறுப்பினர் ஏடுகளிலும், செக் மொழிச் செய்தித்தாள்களின் இறப்புச் செய்திகளிலும் கிடைக்கும்.

ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்படியில்லை. ல்ஹோதா என்ற பெயரில் நூற்றுக்கணக்கான ஊர்கள் அந்நாட்டில் உள்ளன; நோவா வெஸ், அதாவது புதூர், அதைப் போன்றதே. நம் நாட்டில் புதூர் என்று மட்டும் சொல்லி ஒருவரைத் தேடச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஊர் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதைக் கண்டுபிடித்த பிறகே ஏடு திறக்கும்.

அந்த ஏடுகளைப் பார்க்கும்போது பதிவுத்துறைக்காரனாகிய நான் வியந்துபோனேன். திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குத்தந்தையர் பதிவு செய்ய வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இலேயே விதித்தது. 1784இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அவற்றை அரசுக்கும் உரிய ஆவணங்களாக்கி, பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் தனித்தனியே கட்டம் போட்டு எழுதச் செய்தார். குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், மருத்துவச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டு எண். 1770-71இல் படைக்கு ஆள் கணக்கிடுவதற்காக வீடுதோறும் இடப்பட்ட அந்த எண்தான் இந்தத் தேடலின் உயிர். ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தாலும் 23ஆம் எண் வீட்டுக்காரரை 8ஆம் எண் வீட்டுக்காரரிடமிருந்து அது பிரித்துக் காட்டும். எண்கள் பின்னாளில் மாற்றப்பட்ட ஊர்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. எழுத்து பழைய ஜெர்மானியக் கையெழுத்து. மொழி ஓர் ஏட்டில் லத்தீன், ஓர் ஏட்டில் ஜெர்மன், ஓர் ஏட்டில் செக். பழைய செக் எழுத்துமுறையில் வி வர வேண்டிய இடத்தில் டபிள்யூவும், ஜே வர வேண்டிய இடத்தில் ஜியும் வரும் என்று பிடிபடவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நான் தொடங்குவதற்கு முன், என் மருமகன் ஒரு தேடல் நிறுவனத்துக்குப் பணம் கட்டி நான்கு தலைமுறை வம்சாவளி ஒன்றைப் பெற்றிருந்தார். அதில் முப்பாட்டனாருக்குரியது என்று காட்டியிருந்த திருமுழுக்குப் பதிவை நான் தேடி எடுத்தபோது, குழந்தையின் பெயருக்கருகே ஒரு சிறு சிலுவைக்குறி இருந்தது. அதே பங்கின் இறப்பு ஏட்டைப் புரட்டினேன். அதே வீட்டு எண்ணில் அந்தக் குழந்தை மூன்று வயதில் இறந்திருந்தது. பெயரும் ஆண்டும் பொருந்தியதும் அந்த நிறுவனத்தார் தேடலை நிறுத்திவிட்டார்கள். உண்மையான முப்பாட்டனார் நான்கு ஆண்டுகள் கழித்து அதே பெற்றோருக்குப் பிறந்து, இறந்த அண்ணனின் பெயரையே சூட்டப்பட்டவர். ஆகவே பிறப்புப் பதிவைக் கண்டால் இறப்பு ஏட்டையும் பார்க்காமல் எவரும் நிறைவடைய வேண்டாம் என்று வேண்டுகிறேன்.

பிராகா, பில்சென் முதலிய வட்டார அரசு ஆவணக்காப்பகங்கள் இந்த ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் கட்டணமின்றி வைத்துள்ளன. நான் பாளையங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே அவற்றைப் படித்தேன். கடல் கடந்த உறவுகளால் பொஹீமிய வேர்கொண்ட பேரப்பிள்ளைகள் நம்மவர் சிலருக்கும் இன்று உண்டு. அவர்கள் பொருட்டாவது, எல்லிஸ் தீவு திறக்கப்பட்ட ஆண்டையும், பெயர்களை எழுதியவர்கள் யார் என்பதையும் திருத்தி, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு குறிப்பு வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பத்திரப் பதிவுத்துறை ஊழியர்,
பாளையங்கோட்டை