ஈரச் சுவர்

சர்ரே, கனடா
18-11-2023

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

அண்ணன் எழுதிய கடிதம் கிடைத்து ஒன்றரை மாதமாகிறது. குளியலறைச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் பதில் எழுத முடியவில்லை என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் நடந்தது.

நான் கேரவனுக்கு, அதாவது வீடாக அமைத்த வண்டிக்கு, குடிமாறியதை அண்ணன் சொல்லியிருப்பார். வேலைக்குப் பக்கம் என்பதால்தான் வந்தேன், வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டில் ராகி கொட்டிவைக்கும் குதிர்கூட இதன் குளியலறையைவிட அகலம். சுவர் என்பது வெள்ளைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய 3 மில்லிமீட்டர் பிளைவுட், அவ்வளவுதான். வாங்கும்போதே முழங்கால் உயரத்தில் அது சற்று உப்பியிருந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பக்கத்து வண்டிப் பெரியவர் முன்பு படகு கட்டியவர். பட்டப்பகலிலும் நெற்றியில் விளக்கு மாட்டியிருப்பார், வணக்கம் சொன்னால் பதில் வராது. ஒருநாள் கேட்காமலே உள்ளே வந்து, அப்பா பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலத் திருப்புளிப் பிடியால் சுவரைத் தட்டினார். மேலே ‘டக்’ என்றது, மூலையில் ‘பொத்’ என்றது. உரித்தபோது பிளைவுட் நனைந்த வறட்டியைப் போலக் கையோடு வந்தது. குழாயைப் பிடித்திருந்த திருகாணித் துளைகளிலும், நின்று குளிக்கும் தரைத்தட்டும் சுவரும் சேரும் இடுக்கிலும்தான் தண்ணீர் இறங்கியிருந்தது.

அழுகியதை வெட்டியெடுத்து, ஒரு வாரம் விசிறி வைத்து உலர்த்தி, புதுப் பலகையின் விளிம்புகளுக்கும் விடாமல் பெயிண்ட் அடித்து, மேலே ஒரே துண்டாக ஃபைபர் தகடு ஒட்டினோம். இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையில் பழையதன்மேல் புதியது பிடிக்காது என்று, மிச்சமின்றிச் சுரண்டி ஸ்பிரிட்டால் துடைக்கவைத்தார். இடுக்கை அடைக்குமுன் தரைத்தட்டில் இரண்டு வாளித் தண்ணீரை வைத்தார். ஆள் ஏறி நின்றால் இடுக்கு எவ்வளவு விரியுமோ, அவ்வளவு விரிந்த நிலையில் அடைத்தால்தான் பிறகு பிய்த்துக்கொள்ளாதாம். 24 மணி நேரம் வாளிகளைத் தொடவிடவில்லை.

இப்போது குளித்ததும் ரப்பர் பட்டையால் சுவரை வழித்துவிட்டு, கூரை விசிறியைப் போட்டு, ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவைக்கிறேன். வெளியே 4 டிகிரி. திறக்க மனம் வராது. மூடினாலோ, வெந்நீர் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு முத்துமுத்தாக வேர்க்கிறது. ஓயாத மழையில் துண்டு மூன்று நாளாகியும் காய்வதில்லை. நம்மூர் காவேரிப்பட்டணத்தில் சித்திரை வெயிலில் கிணற்றடியிலிருந்து திண்ணைக்கு வருமுன் தலை காய்ந்துவிடும். அம்மா களியில் குழி செய்து கீரைக் கடைசலை ஊற்றிக்கொண்டிருப்பார். நேற்று அந்த ஈரத் துண்டை முகத்தில் வைத்தபடி வெகுநேரம் குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அது கிடக்கட்டும்.

மாந்தோப்புக் குத்தகைக்கு இப்போதே முன்பணம் வாங்க வேண்டாம். தை, மாசியில் பூப் பிடிப்பதைப் பார்த்துப் பேசலாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். இம்மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும்.

அம்மாவுக்காகக் கட்டும் குளியலறையில் தண்ணீர் வடியும் வாட்டத்தை, டைல்ஸ் ஒட்டுமுன்பே ஒரு குடம் ஊற்றிப் பார்த்துவிடும்படி மேஸ்திரியிடம் சொல்லுங்கள். முழங்கால் வலிக்குக் கைப்பிடி வைப்பதானால், துளைக்குள் சிலிக்கான் நிரப்பிய பிறகே திருகாணியை முடுக்கட்டும்.

அன்பு மகன்