பொம்மை ரயில் வியாபாரம்: சுந்தரத்துக்கு ஒரு கடிதம்

பர்மிங்ஹாம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து தங்கச்சி வாசல் வரை நடக்கிறாள் என்று படித்ததும் சரோஜாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான், மற்றபடி நல்ல பிள்ளை.

சரி, மாப்பிள்ளை விஷயம். பொன்மலை ஷெட்டில் நீ கரியும் எண்ணெயுமாகக் கட்டி அழுத ஒய்டிஎம்-4 மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினை உள்ளங்கை அளவில் செய்து விற்கலாம், சீனாவில் ஒரு தொழிற்சாலைக்காரன் செய்து தருகிறேன் என்கிறான், உன் பிஎஃப் பணத்தில் ஒரு பங்கு போடலாமா என்று கேட்டிருக்கிறாய். சனிக்கிழமைகளில் நான் இங்கே ஒரு மாடல் ரயில் கடையில் பழைய சரக்கு மேஜையில் உட்காருகிறேன் என்று உனக்குத் தெரியும். அங்கே காதில் விழுந்ததையும் கண்ணால் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். ஆசை தப்பில்லை. எஞ்சினில் தொடங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் யார் வாங்குகிறார்கள் என்று பார். கடைக்கு வருகிறவர்களில் பையன்கள் குறைவு. தலை நரைத்த ஆண்கள்தான் அதிகம். பிரிட்டிஷ் ரயில்வே பிரதான பாதைகளில் நீராவியை 1968 ஆகஸ்டில் நிறுத்தியது. அன்று பிளாட்பாரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று எஞ்சின் நம்பர் எழுதிய பையன்களுக்கு இன்று எழுபது வயதை ஒட்டி. அவர்கள்தான் இத்தனை காலம் நீராவி எஞ்சின் வியாபாரத்தைத் தாங்கினார்கள். இப்போது அவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதே சமயம் எழுபது, எண்பதுகளின் டீசல் எஞ்சின்கள் நன்றாக விற்கின்றன, ஏனென்றால் அந்தக் காலத்துப் பையன்கள் கையில் இப்போதுதான் காசு இருக்கிறது. அயர்லாந்துக்காரர்களின் அக்யூராஸ்கேல் போன்ற புதிய கம்பெனிகள் அந்த இடத்தில்தான் காலூன்றின. மனிதன் பத்து வயதில் பார்த்த ரயிலைத்தான் ஐம்பது வயதில் வாங்குகிறான். அந்தக் கணக்கில் உன் மாப்பிள்ளை முட்டாள் இல்லை. மீட்டர் கேஜில் லீவுக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் செலவைப் பார். ஒரு புதிய எஞ்சினுக்கு, உடலை வார்க்கும் உலோக அச்சு வெட்ட லட்சம் பவுண்டு என்பது இங்கே தொழிலில் இருப்பவர்கள் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு. முதல் தடவை இரண்டாயிரம் உருப்படி போட்டால் அச்சுக்கு மட்டும் தலைக்கு 50 பவுண்டு விழுந்துவிடும். அதற்கு மேல் மோட்டார், சக்கரம், பெயிண்ட், கையால் ஒட்டும் கைப்பிடிக் கம்பிகள், கப்பல் கூலி, கடைக்காரன் பங்கு. இன்று நல்ல நீராவி எஞ்சின் ஒன்று 200 பவுண்டைத் தாண்டுகிறது. அந்த 200லேயே 33 பவுண்டு வாட் வரி. அதனால்தான் ஒரே அச்சை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் நிறத்தையும் நம்பரையும் மாற்றி விற்கிறார்கள். இந்த வருஷம் பச்சை, அடுத்த வருஷம் கறுப்பு, அதற்கடுத்து அழுக்குப் பூசியது. வாங்குகிறவனுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் வாங்குகிறான்!

அச்சில் போட்ட பணம் திரும்புவதற்குள் வேறொருவன் அதே எஞ்சினைக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது கதை. டெரியர் என்று ஒரு குட்டி டேங்க் எஞ்சின், 1872 முதல் பிரைட்டன் லைன் என்ற ரயில் கம்பெனிக்குச் செய்தது, மொத்தம் ஐம்பதுதான். 2019 வாக்கில் ஷெஃபீல்டில் ஒரு பெரிய கடை டாப்போல் கம்பெனியிடம் அதைச் செய்யச் சொல்ல, பழைய பெரிய மாடல் கம்பெனியான ஹார்ன்பியும் அதே எஞ்சினைக் கொண்டுவந்தது. ஐம்பது எஞ்சினுக்கு இரண்டு கம்பெனி மல்லுக்கு நின்றது. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பணம் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஹார்ன்பி என்றதும் உனக்கு, இரும்புப் பட்டைகளைப் பூட்டி விளையாடும் மெக்கானோ நினைவு வரும். அதே ஃபிராங்க் ஹார்ன்பிதான். 1920ல் சாவி கொடுக்கும் ரயில், 1938ல் அவர் கம்பெனியின் மேஜை மேல் ஓடும் டப்ளோ. லிவர்பூலில் செய்ததை 1964ல் டிரையாங் பொம்மைக் கம்பெனி முதலாளிகள் வாங்கினார்கள், தொழில் மார்கேட் என்ற ஊருக்குப் போனது. தொண்ணூறுகளின் நடுவில் உற்பத்தி சீனாவுக்குப் போயிற்று. அதில் தரம் உயர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூலி மலிவு என்பதால் முன்பு அச்சிலேயே வார்த்துவிட்ட கம்பிகளையெல்லாம் தனித்தனியாகப் பொருத்த முடிந்தது. வாங்குகிறவர்கள் அந்த நுணுக்கத்துக்குப் பழகிவிட்டார்கள். பிறகு சீனாவில் கூலி ஏறியது, நுணுக்கத்தைக் குறைக்க வழியில்லை, விலை ஏறியது. ஹார்ன்பியின் பெரிய சப்ளையரான சாண்டா கான் தடுமாறி, போட்டிக் கம்பெனியான பேக்மனின் முதலாளி கேடர் கைக்குப் போனது. அப்புறம் சில வருஷம் ஹார்ன்பி சரக்கு கடைக்கு ஒழுங்காக வரவில்லை. போட்டியாளனின் தொழிற்சாலையில் உன் எஞ்சின் வரிசையில் நிற்பதைக் கற்பனை செய்துகொள். மாப்பிள்ளை பேசிய சீனத் தொழிற்சாலையில் அவர் ஆர்டர் எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டாரா?

இன்னொன்று, முன்பதிவு. இப்போது கம்பெனிகள் கணினி வரைபடத்தோடு அறிவித்துவிடுகின்றன, சரக்கு வர ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கடைக்காரன் பதிவான அளவுக்கு மேல் கொஞ்சம்தான் எடுக்கிறான். இதனால் கடைக்குள் வந்து பார்த்து, ஆசைப்பட்டு, கையோடு வாங்கிப் போவது அருகிவிட்டது. எனக்கு இது பிடிக்கவில்லை. ஏற்கெனவே பைத்தியம் பிடித்தவனுக்கு மட்டும் விற்கிற ஏற்பாடு இது. புதிதாக ஒருவனுக்குப் பைத்தியம் பிடிக்க வழியே இல்லை.

லிவர்பூலில் 1946ல் தொடங்கிய ஹாட்டன்ஸ் கடை, உலகம் முழுக்கத் தபாலில் அனுப்பியது, 2024 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது. அதே சமயத்தில் இங்கே எங்கள் ஊர் என்இசி மண்டபத்தில் வருஷா வருஷம் நடந்த வார்லி கண்காட்சியும் 2023 நவம்பரோடு நின்றது. கூட்டம் வந்தது, எடுத்து நடத்தத்தான் ஆள் இல்லை. அதை நடத்திய சங்கத்தில் எல்லோருக்கும் வயதாகிவிட்டது.

என் மேஜைக்கு வருவது இந்தக் கதையின் மறுபக்கம். அப்பா போய்விட்டார், மேல் அறை முழுக்கப் பெட்டி என்று மகனோ மகளோ காரில் ஏற்றி வருவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் விலைச் சீட்டு, ரசீது, சிலதில் 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்ற சான்றிதழ். சொத்து என்று நினைத்து வருகிறார்கள். ஆயிரம் பேருக்கு அச்சடித்த சான்றிதழை யார் மதிப்பார்கள்? போர்க்காலத்துக்கு முந்திய தகர ரயில்களுக்கு ஏலத்தில் மதிப்பு உண்டு. தொண்ணூறுகளின் பிளாஸ்டிக்குக்குப் போட்ட பணத்தில் ஒரு பகுதி கிடைத்தால் உண்டு. நீ பட்டறைக்காரன், இது உனக்குப் பிடிக்கும்: அடிச்சட்டம் துத்தநாகக் கலவையில் வார்த்தது. கலவையில் ஈயம் கலந்துவிட்டால் வருஷங்கள் கழித்து வீங்கி, விரிசல் விட்டு, கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்த எஞ்சின்களும் அப்படிப் போயிருக்கின்றன. நான் முதலில் சட்டத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன்.

ஜெர்மனியின் மார்க்லினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1859ல் கோப்பிங்கன் என்ற ஊரில் பொம்மை வீட்டுக்குத் தகரச் சாமான் செய்யத் தொடங்கியவர்கள். பொம்மை வீட்டு வியாபாரத்தின் சூட்சுமம், வீடு ஒரு தடவைதான் விற்கும், பானையும் அடுப்பும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விற்கும். 1891ல் லைப்சிக் சந்தையில் அதே யோசனையை ரயிலுக்குக் கொண்டுவந்தார்கள். தண்டவாள அகலத்தை நிலையாக வைத்தார்கள், அப்புறம் வளைவு, ஸ்டேஷன், கூடுதல் பெட்டி என்று வருஷா வருஷம் சேர்த்து வாங்கலாம். இன்று வரை இந்தத் தொழில் ஓடுவது அந்த ஒரே யோசனையில்தான். அப்பேர்ப்பட்ட கம்பெனியே தன் 150வது ஆண்டில், 2009 பிப்ரவரியில், திவால் மனு கொடுத்தது. முதலீட்டு நிறுவனங்கள் வாங்கி நடத்திய காலம் அது. 2013ல் சிம்பா டிக்கி என்ற பொம்மைக் கம்பெனிக் குடும்பம் எடுத்தபிறகு நிமிர்ந்தது.

அதே சூட்சுமத்தில் அமைதியாகப் பிழைப்பவர்களும் உண்டு. டெவனில் பீர் என்ற கடலோரக் கிராமத்தில் பீக்கோ கம்பெனி. தண்டவாளமும் தடம் மாற்றும் பாயிண்டும்தான் முக்கியச் சரக்கு, இன்னமும் அங்கேயே செய்கிறார்கள். ஹார்ன்பி ஜெயித்தாலும் பேக்மன் ஜெயித்தாலும் தண்டவாளம் வேண்டுமே. யார்க்ஷயரில் மெட்கால்ஃப், அச்சடித்த அட்டையில் வீடு, ஸ்டேஷன், எஞ்சின் ஷெட். வெட்டி ஒட்ட வேண்டியதுதான். எஞ்சின் வாங்கத் தயங்குகிற ஆள்கூட ஒரு அட்டைக் கட்டடத்தை யோசிக்காமல் எடுத்துப் போவதை நான் சனிக்கிழமை தவறாமல் பார்க்கிறேன்.

இப்போது நம் ஊர்க் கணக்கு. பொம்மைக்கும் ஸ்கேல் மாடலுக்கும் சுங்கத் தீர்வை ஒரே தலைப்பில் வருகிறது. 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023ல் 70. சீனாவில் செய்து திருச்சிக்குக் கொண்டுவந்தால் மாப்பிள்ளையின் லாபம் துறைமுகத்திலேயே இறங்கிவிடும். உள்நாட்டில் செய்வதானால் கோயம்புத்தூரில் அச்சு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் விலை கேட்கட்டும்.

அளவுப் பிரச்சினையும் இருக்கிறது. நம் அகலப்பாதையில் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். மாடல் ரயிலின் ஹெச்ஓ அளவில், அதாவது 87ல் ஒரு பங்கு என்றால், 19க்கு மேல் வர வேண்டும், ஆனால் உலகம் முழுக்கக் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளம் 16.5. இங்கிலாந்துக்காரர்களும் இப்படித்தான். மோட்டார் உள்ளே நுழையவில்லை என்று உடலை 76ல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நூறு வருஷமாகப் புலம்பிக்கொண்டே அதைத்தான் வாங்குகிறார்கள். மீட்டர் கேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுவிட்சர்லாந்து ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தயாராகக் கிடைக்கிறது, அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். உன் ஒய்டிஎம்-4இன் குடும்பத்து எஞ்சின்தான், அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது, அலாஸ்காவின் ஒயிட் பாஸ் ரயிலிலும் ஓடியது, எல்ஜிபி என்ற மாடல் கம்பெனி அதைத் தோட்டத்தில் ஓடும் அளவில் விற்றிருக்கிறது. ஆக அந்த முகத்துக்கு வெளியிலும் ரசிகர்கள் உண்டு. பிறகு ஒரு நாள் செய்யலாம், பிசினில் முப்பரிமாண அச்சு எடுத்து, உடல் மட்டும், ஐம்பது நூறு என்று.

தொடங்குவதற்கு என் யோசனை வேறு. எம்டிஎஃப் பலகையில் லேசரால் வெட்டிய நம் ஸ்டேஷன்கள். ஓட்டுக் கூரை, கல் பிளாட்பாரம், சிக்னல் கேபின், கேங்மேன் குடிசை, கேட் கீப்பர் வீடு. மஞ்சள் பலகையில் தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் ஊர்ப் பெயர், தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கராக, கேட்கிற ஊருக்கு அடித்துத் தரலாம். இதற்கு அச்சு வேண்டாம், மோட்டார் வேண்டாம், கெட்டுப்போகிற சரக்கும் இல்லை. ஆர்டர் வந்தபிறகு வெட்டினால் போதும். தட்டையான கவரில் தபாலில் போகும். ஜெர்மன் எஞ்சின் வைத்திருப்பவனும் வாங்குவான், மாமா பெண்ணுக்குப் பரிசாகவும் வாங்குவார்கள். பெரிய பணம் வராது. உன் பிஎஃப் மட்டும் வங்கியில் பத்திரமாக இருக்கும்.

மாப்பிள்ளைக்கு இது சப்பென்று இருக்கும், தெரியும். எஞ்சின் கம்பெனி முதலாளி என்று சொல்லிக்கொள்வது வேறு, ஓட்டு வீடு வெட்டுகிறேன் என்பது வேறு. கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லி விடு, நான் தூரத்தில்தானே இருக்கிறேன்.

சம்மதித்தால் ஒரு வேலை செய். லால்குடி, மணப்பாறைப் பக்கம் பழைய கட்டடம் இன்னும் நிற்கிற சின்ன ஸ்டேஷன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து அனுப்பு. ஜன்னல் உயரம், கதவு அகலம், கூரைச் சரிவு எல்லாம் வேண்டும். நான் இங்கே அட்டையில் ஒன்று வெட்டி ஒட்டிக் கடை மேஜையில் வைக்கிறேன். யார் எடுத்துப் பார்க்கிறார்கள், என்ன விலை கேட்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாத்திரை நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
கணேசன்