லைட் செட் வாங்காதே கண்ணு, ஜன்னல் போதும்

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். ஆடிப் பதினெட்டுக்கு வரும்போது தாத்தா அப்பாரு, பாட்டி அம்முச்சி, உங்கய்யன், அக்கா பொண்ணு என்று ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக ஸ்டுடியோ படம் மாதிரி எடுக்கப் போகிறாய், அதற்கு ஃபிளாஷ், குடை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்த செட் ஒன்று ஆர்டர் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே. அந்தக் காசில் நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி எல்லார் வீட்டுக்கும் கொடு. வெளிச்சத்துக்கு வேண்டியது வீட்டிலேயே இருக்கிறது.

ஃபிலிம் காலத்தில் நம்ம ஸ்டுடியோவில் படம் எடுத்தது உங்கய்யன், நெகட்டிவ் (வெளிச்சமும் இருட்டும் மாறி விழுந்த ஃபிலிம்) டச்சிங் என் கை. அடியில் விளக்கு வைத்த கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் சுருக்கம் விழுந்த கோட்டை மட்டும் தொட்டுத் தொட்டு நிரப்புவேன். நிழல் விழுந்த இடம் நெகட்டிவில் வெறுமையாக இருக்கும். அங்கே பென்சில் கரி ஏறினால் பிரிண்டில் கோடு வெளுத்துவிடும். எத்தனையோ முகங்களை அப்படிக் குனிந்து பார்த்த கண்ணால் சொல்கிறேன்: விளக்கு நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால் என் பென்சிலுக்கு வேலையே இருக்காது. விளக்கு என்ன விலை என்பதை எந்த நெகட்டிவும் காட்டியதில்லை. எங்கே நின்றது, முகத்துக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது, இந்த இரண்டும்தான் தெரியும்.

நம்ம வீட்டு ஆசாரத்து (கூடத்து) வடக்கு ஜன்னலை எடுத்துக்கொள். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, அதனால் அதுதான் உத்தமம் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். அது ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் சரி. நாம் வட அட்சரேகை 11 டிகிரி சொச்சத்தில் இருக்கிறோம். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயிலே நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்துதான் போகும். நீ வருகிற ஆடியில் காலையிலும் சாயங்காலமும் அந்த ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வரும். வந்தால் வரட்டும், குறுக்கே வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிடு. வெயில் பட்டதும் வேட்டி முழுக்க விளக்காகிவிடும். ஆளை அதற்கு மூன்றடியில் உட்கார வை. நீலம் போட்ட வேட்டி வேண்டாம், முகத்தில் நீலம் பாய்ச்சும். கோராத் துணியும் வேண்டாம், மஞ்சள் தட்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், வேட்டியைக் கேட்கவே வேண்டாம்; கீழ் விளிம்பில் ஒரு மூங்கில் குச்சியைச் சுருட்டிக் கட்டு.

இந்தப் பக்கம் ஜன்னல் என்றால் அந்தப் பக்கம் தெர்மாகோல் அட்டை. முகத்துக்கு நெருக்கிப் பிடித்தால் நிழல் கரையும், தள்ளிப் பிடித்தால் நிழல் ஏறும். நிழலைச் சுத்தமாக நீக்கிவிடாதே. நிழலே இல்லாத முகம் ரேஷன் கார்டு படம்.

அப்பாருதான் சிக்கலான ஆள். கண் ரொம்ப உள்ளடங்கினது, மேலே மூக்குக் கண்ணாடி வேறு. உள்ளடங்கின கண்ணுக்கு வெளிச்சம் தாழ்ந்து வர வேண்டும், இல்லையென்றால் புருவத்தின் நிழலில் கண் இரண்டும் குழியாகிவிடும். கண்ணாடிக்கோ வெளிச்சம் உயர்ந்து வர வேண்டும், தாழ்ந்தால் ஜன்னல் அப்படியே கண்ணாடியில் தெரியும். இரண்டையும் ஒரே விளக்கை ஏற்றி இறக்கிச் சமாளிக்க முடியாது. அதனால் உயரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தைப் பார். அவர் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கேமரா நிற்கிற இடத்திலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் ஜன்னல் மறைகிற இடத்தில் நிறுத்து. அப்புறம் கண்ணாடிக் கால்களைக் காதுக்கு மேலே அரை அங்குலம் தூக்கிவிடு. சில்லு லேசாகத் தரையைப் பார்க்கும், மிச்ச மினுமினுப்பும் போய்விடும். பக்கத்திலிருந்து பார்த்தால் தூக்கினது தெரியும், நேரே தெரியாது. கடைசியாக இன்னொரு தெர்மாகோல் துண்டை அவர் மடியில் படுக்க வை. அதில் பட்டு எழும்புகிற வெளிச்சம் புருவத்துக்கு அடியில் போய்க் கண்ணைத் திறந்துவிடும். கருமணியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிகிறதா பார். அது தெரியும் வரை பட்டனை அழுத்தாதே.

அம்முச்சி வெள்ளைச் சேலை. காட்டு வெயிலில் வேலை செய்த கறுப்பு. கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் தெரியாமல் போகும். முகத்துக்குத் தக்கபடி வெளிச்ச அளவு வைத்தால் சேலை வெளுத்து மடிப்பெல்லாம் மறையும். ஜன்னலில் கட்டின வேட்டியின் கீழ்ப்பாதிக்கு முன்னால் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடு. நெஞ்சுக்குக் கீழே வெளிச்சம் குறையும், முகத்துக்கு முழுசாக வரும். நெற்றியை ஈரத்துண்டால் ஒருமுறை ஒற்றி எடு, ஆனால் பவுடர் போடாதே. கறுத்த தோலுக்கு வடிவம் கொடுப்பதே அந்த மெல்லிய பளபளப்புதான். கம்ப்யூட்டரில் ஏற்றி நிறத்தைக் கூட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், சாமி. கல்யாணப் படங்களில் பொண்ணுகளை எல்லாம் மாவு பூசின மாதிரி ஆக்கிவிடுகிறார்கள், பார்க்கவே மனசு ஒப்பவில்லை. என் அம்மா எந்த நிறமோ அந்த நிறத்தில் எனக்கு அவள் படம் வேண்டும்.

மழை இருட்டு கட்டிவிட்டால் திருவிழாவுக்குக் கட்டுகிற எல்இடி ஃபோகஸ் லைட் ஒன்று போதும். வேட்டிக்குப் பின்னால் மூன்றடி தள்ளி வை, ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும்தான் எரியும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற சிஆர்ஐ அளவு பெட்டியில் 90க்கு மேல் போட்டிருந்தால் வாங்கு, குறைந்தால் தோலில் இருக்கிற சிவப்பு செத்துப்போகும். நம்ம ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பட்டை பட்டையாக விழாது. மற்ற பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடு, நிறம் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

எல்லாரும் சேர்ந்த படத்துக்கு இந்த வேட்டி விளக்கு ஆகாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும், கிட்ட இருக்கிறவர் வெளுத்து, கடைசியில் நிற்கிறவர் இருண்டுபோவார். அதைக் காலையில் வாசல் நிழலில் எடுத்துக்கொள்ளலாம். அக்கா பொண்ணு குட்டியை உட்கார வைக்கப் பார்க்காதே. கதவோரம் விளையாட விட்டு, ஷட்டரை 1/250க்கு ஏற்றிக்கொள்.

பின்னாடிக்குச் சென்னிமலைப் போர்வை, அந்தக் கருநீலம் இருக்கிறதே, அதைத் துவைத்து வைத்திருக்கிறேன். ஆளுக்கும் அதற்கும் ஐந்தடி இடைவெளி விடு. லென்ஸ் உன்னிடம் இருக்கிற 50 மில்லிமீட்டரே போதும், அதன் திறப்பை எஃப் 4இல் வை. அம்முச்சி காலையில் பத்து மணிக்கு மேல் உட்கார மாட்டாள், அவளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். வரும்போது ட்ரைபாடு மட்டும் கொண்டு வா. தெர்மாகோல் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா