திருநெல்வேலி எழுச்சி விழா: இந்த வரியை நாமே போட்டுக்கொள்வோம்

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் விழாக் குழுவின் வணக்கம்.

நம் பக்கத்தில் அம்மன் கோயில் கொடை என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே வரி பிரிக்க ஆள் வந்துவிடும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி, கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கொடுக்காதவர் பெயரும் எப்படியோ தெருவெல்லாம் தெரிந்துவிடும். இப்போது உங்கள் கையில் இருப்பதும் வரிச்சீட்டுதான். கொடுக்காதவர் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோம் என்பது மட்டும் வித்தியாசம்.

1908இல் இந்த ஊர்மீது இன்னொரு வரி விழுந்தது. கலகம் செய்த ஊர் என்று திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டக் காவல் படையைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கான செலவை ஊரார் தலையிலேயே கட்டினார்கள் வெள்ளைக்காரர்கள். நம்மை அடிக்க வந்தவனுக்கு நாமே சம்பளம் கொடுத்தோம். அன்று நம் முப்பாட்டன்மார் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிய வரி அது. அந்த வரி எதற்காக விழுந்ததோ அந்த நாளை நினைவுகூர, இன்று மனதார ஒரு வரி கட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அந்த நாள் 1908 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. வ.உ.சி. கப்பல் விட்டதும் செக்கிழுத்ததும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அவரைக் கைது செய்தபோது இந்த ஊர் என்ன செய்தது என்று கேட்டால் பெரியவர்களே விழிக்கிறார்கள். போன ஆண்டு ரத வீதியில் நின்று இருபது, முப்பது பேரிடம் கேட்டுப் பார்த்தோம். சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர். அவரும் வெளியூர்க்காரர்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அந்த நாட்களைப் பற்றித் தூத்துக்குடியில் இன்றும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஒரு வக்கீல் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போதே வ.உ.சி.யைக் குறைத்துப் பேசினாராம். நாவிதர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார், எழுந்து போய்விட்டார். ஊரில் வேறு யாரும் மீதிப் பாதியை மழிக்க வரவில்லை. சோப்பு நுரை காய்ந்த ஒரு பக்கத்து முகத்தோடு வக்கீல் வேறு ஊருக்கு ரயில் ஏற வேண்டியதாயிற்று.

மார்ச் 9 அன்று வங்காளத்தின் விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையானார். அதைக் கொண்டாடக் கூடாது என்று அரசு தடுத்தது. தடையை மீறிக் கொண்டாடினார்கள். 12ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் காலை திருநெல்வேலியில் கடை திறக்கவில்லை. பாரதி படித்த அதே இந்துக் கல்லூரியின் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் எல்லாம் தாக்கப்பட்டன. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கில் பற்றிய தீ நாள் கடந்தும் எரிந்தது. கலெக்டர் விஞ்ச் நேரில் இருக்க, போலீஸ் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள்.

தீ வைத்ததையா கொண்டாடப் போகிறீர்கள் என்று ஒரு பெரியவர் எங்களிடம் கோபமாகவே கேட்டார். நியாயமான கேள்விதான். குழுவுக்குள்ளும் இதைப் பற்றி இரண்டு கூட்டம் விவாதித்தோம். தீயைக் கொண்டாடவில்லை, ஐயா. தலைவர் சிறைக்குள் போன பிறகு, யாரும் கூப்பிடாமல் தெருவுக்கு வந்த சனங்களை நினைக்கிறோம். வ.உ.சி.க்கு மைதானம் இருக்கிறது, சிலை இருக்கிறது. இந்த நான்கு பேருக்கு வருடத்தில் ஒரு நாளாவது வேண்டாமா?

2027இல் மார்ச் 13 சனிக்கிழமையில் வருகிறது. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வர வசதியாக, சனி, ஞாயிறு இரண்டு நாளும் விழா. ஞாயிற்றுக்கிழமை எங்கே வருவது, வீட்டில் ஓய்வாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள், ஞாயிறு விடுமுறைக்காக ஒரு மில்லே நின்ற கதையை மேலே இன்னொரு முறை படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன், அன்றைய சம்பவங்கள் நடந்த இடங்கள் வழியாக நடைப்பயணம். நான்கு இடங்களில் நான்கு விளக்கு ஏற்றுகிறோம். மாலையில் நாவிதர் கதையை வைத்துத் தெருநாடகம். வக்கீலாக நடிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடினோம். கடைசியில் உண்மையான வக்கீல் ஒருவரே ஒப்புக்கொண்டார், பாதி மீசையை எடுக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு. ஞாயிற்றுக்கிழமை படக்கண்காட்சி, பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, சாயங்காலம் சப்பரத்தில் கப்பல் பவனி. வ.உ.சி.யின் கப்பலான ‘காலியா’ மாதிரியே மூங்கிலும் காகிதமும் வைத்துச் செய்கிறார் நம் சப்பரக்காரர். அந்தக் கப்பலைக் கவிழ்க்க வெள்ளைக் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாக ஏற்றிக்கொள்கிறோம் என்றது, அதற்கும் மேலே குடை வேறு தருவதாகச் சொன்னது. அதனால் கப்பலுக்குப் பின்னால் ஐம்பது பிள்ளைகள் கறுப்புக் குடை பிடித்து வருகிறார்கள். குடை கொடுத்து உதவ விரும்புகிறவர்கள் பழைய குடையே தரலாம். கம்பி மட்டும் குத்தாமல் இருக்கட்டும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது செக்குதான். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. இங்கே கொண்டுவர முடியாது. அதனால் மாடு கட்டி ஓட்டிய பழைய மரச்செக்கு ஒன்றைத் தேடிப் பிடித்தோம். இருபது வருடமாக ஓடாமல் கிடந்தது. உரலில் எள்ளைப் போட்டு, மாட்டுக்குப் பதில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் நுகத்தடியைப் பிடித்துச் சுற்றினார்கள். முதல் சுற்றில் சிரிப்பு. மூன்றாவது சுற்றில் பேச்சு நின்றுவிட்டது. ஐந்தாவது சுற்றில் ஒருவர் தோளைத் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். உரலில் எள் நசுங்கியிருந்ததே தவிர, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. விழாவில் இந்தச் செக்கை வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம்.

இனி பணக் கணக்கு. மொத்தச் செலவு 3,80,000 ரூபாய் என்று போட்டிருக்கிறோம். பெரிய செலவு படத்தட்டிகள், 96,000 ரூபாய். முன்பு துணியில் எழுதி வைத்திருந்தவை 2023 டிசம்பர் வெள்ளத்தில் சேறாகிவிட்டன. இந்த முறை இரும்புச் சட்டத்தில் மாட்டுகிறோம், பத்து வருடம் உழைக்கும். மேடை, பந்தல், விளக்கு, ஒலிபெருக்கிக்கு 72,000. பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மோர், பானகம் 64,000. நாடகம் 55,000. கப்பல் சப்பரம் 48,000. அச்சு, அனுமதிச் செலவுகள் 25,000. முதலுதவி, துப்புரவு, செக்கை ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து 20,000. கையிருப்பு 46,000 போக, வேண்டியது 3,34,000.

சுலோச்சன முதலியார் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும், ஊரில் வசூல் செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, மனிதர் மொத்தச் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டார். இன்று அப்படி ஒருவர் வந்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வோம். ஆனால் இந்த விழாவுக்கு எங்கள் ஆசை வேறு. சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் தொடங்கியபோது பங்கு ஒன்று 25 ரூபாய். நாங்களும் 25 ரூபாய்க்கு ஒரு பங்குச்சீட்டு அச்சிட்டிருக்கிறோம். 13,360 சீட்டு போனால் விழா நடந்துவிடும். லாபப் பங்கு கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முதல் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தது ஜங்ஷன் பக்கத்து டீக்கடைக்காரர். நூறு ரூபாய் கொடுத்தார். நான்கு சீட்டு கிழித்தோம். எந்தப் பெயரில் எழுத என்று கேட்டதற்கு, “செத்துப்போன நாலு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணுன்னு வையுங்க” என்றார். அந்த நான்கு சீட்டிலும் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருக்கிறது.

சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தக் கட்சியின் கொடியும் பந்தலில் ஏறாது. பத்தாயிரம் கொடுத்தவருக்கும் இருபத்தைந்து கொடுத்தவருக்கும் பலகையில் ஒரே அளவு எழுத்து. பிளஸ் டூ தேர்வு நேரம் என்பதால் இரவு எட்டு மணிக்கு ஒலிபெருக்கி நின்றுவிடும். யார் வந்து கேட்டாலும் நீட்ட மாட்டோம். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், எங்கள் உறுப்பினரே கேட்டாலும். வங்கிக் கணக்கு விவரம் ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் இருக்கிறது. விழா முடிந்த பதினைந்து நாளில் வரவு செலவு வாசகசாலைச் சுவரில் ஒட்டப்படும். மீதி இருந்தால் அடுத்த ஆண்டுக்கு. துண்டு விழுந்தால் குழு பார்த்துக்கொள்ளும்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் ஒரு நாள் உழைப்பைக் கொடுங்கள். சமையலுக்கு, சாமான் இறக்க, பிள்ளைகளைச் சாலை கடத்த ஆள் வேண்டும். வீட்டுப் பரணில் பழைய பத்திரம், கடிதம், கப்பல் கம்பெனிப் பங்குப் பத்திரம் ஏதாவது கிடந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். உங்கள் கண் முன்னாலேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம்.

தை முடிவதற்குள் பாதிப் பணமாவது சேர்ந்தால்தான் சப்பரக்காரருக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் கொடுக்க முடியும். ஞாயிறுதோறும் மாலை ஐந்து முதல் ஏழு வரை வாசகசாலைத் திண்ணையில் சீட்டுப் புத்தகத்தோடு இருப்போம்.