சிக்னல் முழுசு, வேகம் பாதி

ஆசிரியருக்கு,

கிராமத்துக்கு ஃபைபர் கம்பி இணையம் எதற்கு, மொபைல் பிராட்பேண்டே போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். கம்பி வராத ஊரில் சிம் ரவுட்டரை நம்பி, வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள் நான். காலையில் குறையில்லை. மாலையானால் சுற்றுவட்டாரமே போனைக் கையில் எடுக்கும். கோபுரத்தின் திறனை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள, என் வீடியோ அழைப்பு உறைந்துவிடும். சிக்னல் கோடுகள் மட்டும் முழுசாக நிற்கும்! அவை காட்டுவது அலையின் வலிமையை, நெரிசலை அல்ல.

கோபுரம் அனுப்பும் அலைகளும் ஒரே மாதிரி இல்லை. 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அதில் கிடைக்கும் வேகம் குறைவு. 3500 மெகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், மரமும் சுவரும் குறுக்கிட்டால் திணறிவிடும். கூரைமேல் கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனா வைத்தேன். சிக்னல் கூடியது, சரி. மாலை நெரிசலுக்கு அது மருந்தில்லை.

ஆகவே நிறுவனங்கள் கவரேஜ் வரைபடத்தில் வண்ணம் பூசுவதோடு நிற்காமல், கோபுரம் வாரியாக மாலை நேர வேகத்தையும் வெளியிட வேண்டும். வீட்டுக்கு ஃபைபர் தராவிட்டாலும், அந்தக் கோபுரம் வரைக்குமாவது இழுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி