நெட்வொர்க் லேப் ஆசிரியர்களுக்கு: முதல் வகுப்பை 'ஐபி'யில் தொடங்குங்கள்

பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் நெட்வொர்க் லேப் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். உங்களிடம் படித்து முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் சில வாரங்கள் வேலை பழக்குவதும் என் பொறுப்பு. நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ அடுக்குகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். முகவரிகளைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கும் நன்றாகவே போடுகிறார்கள். ஆனால் சர்வர் முன்னால் உட்கார வைத்தால் நெட்வொர்க் கார்டின் முகவரியைப் பார்க்கவும் வைக்கவும் உதவும் பழைய கட்டளையான 'இஃப்கான்ஃபிக்'கைத்தான் முதலில் அடிக்கிறார்கள். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று பதில் வந்ததும் முகம் வாடிவிடுகிறது.

அது அவர்கள் தப்பு இல்லை. 'இஃப்கான்ஃபிக்' 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது. லினக்ஸில் அதன் இடத்துக்கு அலெக்ஸி குஸ்நெட்சோவ் எழுதிய 'ஐபி' கட்டளை 1999-இல், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 2.2 காலத்திலேயே வந்துவிட்டது. பழைய கட்டளைகள் அடங்கிய நெட்-டூல்ஸ் தொகுப்பு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில், 2017-இல் வெளியான டெபியன் 9 முதல் தானாக நிறுவப்படுவதில்லை.

தேவைப்பட்டால் நிறுவிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் பழக்கத்துக்காக அப்படித்தான் வைத்திருந்தோம். ஒரு நாள், இரண்டு சர்வர்களுக்குப் பொதுவான, தேவைக்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் மிதக்கும் முகவரி எந்தச் சர்வரில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த தம்பி 'இஃப்கான்ஃபிக்' அடித்துப் பார்த்துவிட்டு, முதல் சர்வரில் இல்லை என்று முடிவுசெய்து, இரண்டாவதில் கையால் சேர்த்துவிட்டான். உண்மையில் அது முதல் சர்வரில்தான் இருந்தது. ஒரே முகவரிக்கு இரண்டு மெஷின்கள் பதில் சொல்ல ஆரம்பித்தன. கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒரே கார்டில் இரண்டாவது முகவரி இருந்து, அதற்குத் தனிப் பெயர்ச்சீட்டு (லேபிள்) இல்லையென்றால் 'இஃப்கான்ஃபிக்' அதைக் காட்டாது. முகவரி வேலை செய்யும், பிங்குக்குப் பதில் வரும், இந்தக் கட்டளையின் கண்ணுக்கு மட்டும் தெரியாது. 'ஐபி அட்ரஸ் ஷோ' எல்லாவற்றையும் காட்டிவிடும்.

இன்னொன்று. 1993-லேயே, முகவரியில் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும் என்று /24 போல எழுதும் சிஐடிஆர் முறை வந்து, முகவரிகளின் ஏ, பி, சி வகுப்புகள் வழக்கொழிந்தன என்று நீங்களே பாடம் நடத்துகிறீர்கள். ஆனால் லேபில் நெட்மாஸ்க் (முகவரியின் நெட்வொர்க் பகுதியைக் காட்டும் எண்) கொடுக்காமல் 'இஃப்கான்ஃபிக்'கில் 10.1.1.5 என்று வைத்துப் பாருங்கள், 255.0.0.0 என்று ஏ வகுப்பு மாஸ்க்கைத் தானே போட்டுக்கொள்ளும். 'ஐபி'யில் /24 போட மறந்தால் /32 ஆகிவிடும். அதுவும் தொல்லைதான், ஆனால் மாணவர் எழுதாத ஒன்றை அது ஊகிப்பதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தக் கட்டளையின் இலக்கணம் பற்றி. பழைய முறையில் முகவரிக்கு ஒரு கட்டளை, பாதைக்கு ஒன்று, ஐபி முகவரியைக் கார்டின் வன்பொருள் முகவரியோடு இணைக்கும் ஆர்ப் அட்டவணைக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் எழுத்துமுறை வேறு. மாணவர்கள் மனப்பாடம் செய்து ரெக்கார்ட் நோட்டில் எழுதுகிறார்கள். 'ஐபி'யில் முதலில் பொருள், அப்புறம் வினை. லிங்க், அட்ரஸ், ரூட், நெய்பர் ஆகியவை பொருள்கள். ஷோ, ஆட், டெலீட் போன்றவை வினைகள். எந்தப் பொருளுக்குப் பின்னும் 'ஹெல்ப்' என்று அடித்தால் அதற்கான வடிவத்தை அதுவே சொல்லும். லிங்க் என்பது நீங்கள் கரும்பலகையில் வரையும் இரண்டாம் அடுக்கு. அட்ரஸும் ரூட்டும் மூன்றாம் அடுக்கு. நெய்பர் இரண்டையும் இணைக்கிறது. பாடமும் கட்டளையும் ஒரே வரிசையில் வருகின்றன.

'ஐபி ரூட் கெட் 8.8.8.8' என்பதைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். இந்த முகவரிக்குப் போகும் பாக்கெட் எந்தக் கேட்வே, எந்தக் கார்டு வழியாக, எந்த மூல முகவரியோடு போகும் என்று கர்னலே சொல்லிவிடும். முதலில் ரூட்டிங் அட்டவணையைக் கொடுத்துத் தாளில் கணக்குப் போடச் சொல்லுங்கள், பிறகு இதை அடித்துச் சரிபார்க்கட்டும். பொருந்தும் பாதைகளில் மிக நீண்ட முன்னொட்டு உள்ளதையே தேர்ந்தெடுக்கும் 'மிக நீண்ட முன்னொட்டுப் பொருத்தம்' என்ற பாடம் அப்போதுதான் மனதில் உட்காரும்.

இணைப்புகளைப் பட்டியலிடும் 'நெட்ஸ்டாட்' இடத்தில் 'எஸ்எஸ்' இருக்கிறது. அதனோடு 'ஸ்டேட் டைம்-வெயிட்' என்று சேர்த்தால், மூடிய பின் சிறிது நேரம் காத்திருக்கும் அந்த நிலையில் உள்ள இணைப்புகள் மட்டும் வரும். ஓர் இணைப்பைத் திறந்து மூடச் சொல்லி, அது சுமார் 60 விநாடி அங்கே தங்கியிருந்து மறைவதை மாணவர்கள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும்.

இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் லேபில் உள்ள உபுண்டுவில் இவை இப்போதே இருக்கின்றன. 'பிங்', 'டிரேஸ்ரூட்', 'டிசிபிடம்ப்' அப்படியே தொடரட்டும். பாடத்திட்டத்தில் 'இஃப்கான்ஃபிக்' என்று இருந்தால் அதை அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு மீதி நேரத்தை 'ஐபி'க்குக் கொடுங்கள். வைவாவிலும் 'ஐபி'யிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். உங்களில் பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த திருத்தத்தில் அந்த வரியை மாற்றித் தாருங்கள். பயிற்சித் தாள் வேண்டுமென்றால் நானே தமிழில் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு சர்வர் நிர்வாகி