கட்டணக் கழிப்பறையை யாருக்குக் கொடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையை அதிகத் தொகை கேட்பவருக்கே ஏலம் விட்டால் நாறத்தான் செய்யும். போட்ட பணத்தை எடுக்க, குத்தகைதாரர் முதலில் கைவைப்பது துப்புரவு ஆளிலும் தண்ணீரிலும்தான்.

திருச்சியின் குடிசைப் பகுதிகளில் மகளிர் குழுக்களே சமுதாயக் கழிப்பறைகளை நடத்திக் காட்டியுள்ளன. வசூலில் சம்பளம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு போக மிஞ்சுவது குழுவுக்கு. அந்த முறையைப் பேருந்து நிலையங்களுக்கும் கொண்டுவரலாம்.

பராமரிப்பு நுணுக்கம் தெரியாவிட்டால் அதுவும் கெடும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட் அரித்துப்போகும், அங்கே சிறுநீர் ஊறும். சோப்புக் கரைசலும் பிரஷும் போதும். பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் செப்டிக் டேங்கில் மலத்தை மட்கவைக்கும் பாக்டீரியா செத்து, தொட்டி சீக்கிரம் நிரம்பும். கழுவிய பிறகும் வாடை அடித்தால் தரை வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் பகுதியான 'டிராப்'பைப் பாருங்கள். அதில் தேங்கியிருக்கும் தண்ணீர்தான் கழிவுக்குழாயின் நாற்ற வாயுவைத் தடுக்கிறது. அது வற்றியிருக்கும், ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. பல இடங்களில் இதற்குத்தான் வாசனை உருண்டை வாங்கிப் போடுகிறார்கள்!

செப்டிக் டேங்கை 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரிச் செலவுக்கான தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுவதையும், பெண்கள் பகுதியில் தாழ்ப்பாள், நாப்கின் தொட்டி இருப்பதையும் ஒப்பந்தத்திலேயே நகராட்சிகள் எழுதட்டும். வாடகையைக் குறைத்து வாங்கினாலும் நட்டமில்லை.

- வாசகர்கள், திருச்சி